தீ வருமுன் கற்பித்தல்

மாசி பிறந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் நீண்ட கோடுகள் சில தோன்றும். மலையடிவாரத்தில் வாழ்வோர் அவற்றை நன்கறிவர். காய்ந்து வெளுத்த புல்லையும் சருகையும் அகற்றி, மண் தெரியும்வரை செதுக்கப்பட்ட அவற்றுக்குத் தீத்தடுப்புக் கோடுகள் என்று பெயர். எங்கேனும் ஒரு பொறி விழுந்து தீ பரவி வந்தால், எரிப்பதற்கு எதுவுமின்றி அது அங்கே நின்றுவிட வேண்டும் என்பதே நோக்கம். தீ இன்னும் பிறக்கவில்லை; அதற்கெதிரான வேலையோ முடிந்துவிட்டது.

இக்கோடுகளை நாம் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறோம்; பொருளுணர்ந்து பார்த்ததில்லை. கோடை இரவுகளில் மலைமீது செம்மாலை போல நெளியும் தீயையும் ஒரு காட்சியாகவே கண்டு கடந்திருக்கிறோம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில், மலையேற்றம் சென்று இறங்கிக் கொண்டிருந்தோரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்செய்தி வந்த பிறகுதான் காட்டுத் தீயைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் நமக்குள் எழுந்தது. காட்டையும் தீயையும் பற்றிய பாலபாடத்தைக் கற்கப் புகுந்த நாம், வழியில் ஓர் அறநெறி வினாவை எதிர்கொண்டோம். அவ்வினாவையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் பாலபாடம். தீ வாழ மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், உயிர்வளி. இவற்றுள் ஒன்றை அகற்றினால் தீ மடியும். பரந்த காட்டில் காற்றை அகற்ற இயலாது. வெப்பத்தைத் தணிக்கப் போதிய நீரும் பெரும்பாலும் கிடைக்காது. எனவே எரிபொருளை அகற்றுவதே காட்டில் தீயணைப்போரின் முதன்மையான வேலை. மண்வெட்டியும் கோடரியும் பச்சைக் கொப்புகளுமே அங்கே படைக்கருவிகள். தீ அணைந்தபின்னும் வேலை முடிவதில்லை. சாம்பலின்மேல் புறங்கையை நீட்டி, எங்கேனும் வெம்மை எஞ்சியிருக்கிறதா எனத் தடவிப் பார்க்கும்படி பயிற்சியாளர்கள் கற்பிக்கின்றனர்.

அடுத்த பாடம் தீயின் நடத்தை பற்றியது. எரிபொருள், வானிலை, நிலத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானிக்கின்றன. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோலத் தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவில் எரியும் தீயின் நாக்குகள் மேலேயுள்ள புல்லை நெருங்கி, அதனை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகின்றன. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. மேடு ஏற ஏற மனிதனின் கால் தளர்கிறது. தீயின் காலோ வலுக்கிறது. காட்டுத் தீயில் பலர் மாள்வதற்கு இவ்வொரு முரணே போதுமான காரணம்.

இப்பாடங்களுள் நம்மைத் திகைக்க வைத்தது மற்றொன்று. தீக்குத் தப்ப வேண்டுமானால் சில வேளைகளில் ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலத்திற்குள் புக வேண்டும். அங்கே எரிபொருள் இல்லை. ஆகவே தீ மீண்டும் வராது. நம் உள்ளுணர்வு தீயைவிட்டு விலகி ஓடு என்கிறது. அறிவோ சாம்பலுக்குள் செல் என்கிறது. உள்ளுணர்வுக்கும் அறிவுக்கும் இடைப்பட்ட இப்பிளவில்தான் நாம் கூறப்போகும் நிகழ்ச்சி நடந்தது.

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையை அடுத்து, மேன் கல்ச் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அங்கே மூண்ட தீயை அணைக்க 15 இளைஞர் வானூர்தியிலிருந்து வான்குடை மூலம் குதித்தனர். தரைவழியே வந்த காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். கடும் வெயில் நாள். இறக்கிவிடப்பட்ட வானொலிக் கருவி, அதன் வான்குடை விரியாததால் விழுந்து நொறுங்கியது. எனினும் தீ சிறியதாகவே தோன்றியது, எவரும் அஞ்சவில்லை. தலைவர் வாக்னர் டாட்ஜ், 33 வயதினர், அனுபவம் மிக்கவர். ஆற்றை நோக்கிக் குழு இறங்கிச் செல்கையில், பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் இருந்த தீ இப்புறம் தாவி, அவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையே நிற்பதை டாட்ஜ் கண்டார். அனைவரையும் திருப்பி மேட்டை நோக்கி நடத்தினார். காய்ந்த புற்சரிவில் தீ அவர்களைத் துரத்தியது. கருவிகளைக் கீழே போடுங்கள் என்று கட்டளையிட்டார்.

தீ நெருங்கிவிட்டது, முகட்டை எட்ட நேரமில்லை. அப்பொழுது டாட்ஜ் எவரும் எதிர்பாராத செயலொன்றைச் செய்தார். நின்றார், தீக்குச்சியைக் கிழித்தார், தம் எதிரே இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அத்தீ மேல்நோக்கி எரிந்து செல்ல, அது விட்டுச்சென்ற சாம்பலுக்குள் நுழைந்து, மற்றவர்களையும் உள்ளே வருமாறு அழைத்தார். ஒருவரும் வரவில்லை. தலைவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே சிலர் எண்ணினர். எல்லாரும் அவரைக் கடந்து ஓடினர். டாட்ஜ் நனைத்த கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சாம்பலில் குப்புறப் படுத்தார். பெருந்தீ அவரைச் சூழ்ந்து கடந்து சென்றது. அவர் காயமின்றி எழுந்தார். ஓடியவர்களுள் இருவர் முகட்டிலிருந்த பாறைப் பிளவின் வழியே தப்பினர். ஏனைய 13 பேரும் மாண்டனர்; அவர்களுள் இருவர் மறுநாள் மருத்துவமனையில் உயிர்நீத்தனர்.

டாட்ஜ் செய்தது புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடியினர் நெடுங்காலமாக அறிந்திருந்த உத்தி. ஆனால் அதனை அவருக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. அந்த நொடியில் அது அவர் உள்ளத்தில் தோன்றியது. அவருக்கே புதிதாகத் தோன்றியதை மற்றவர்க்கு விளக்க நேரம் ஏது? இறந்தோரின் உறவினர் சிலரோ, அவர் வைத்த தீயே தம் பிள்ளைகளின் வழியை மறித்தது எனக் குற்றஞ்சாட்டினர். விசாரணைக் குழு அதனை ஏற்கவில்லை. டாட்ஜ் 1955இல் நோயுற்று இறந்தார். இந்நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நார்மன் மெக்லீன் என்னும் எழுத்தாளரின் நூல், அவர் மறைந்தபின் 1992இல் வெளிவந்தது. அந்நிகழ்ச்சி இன்றளவும் தீயணைப்போர் பயிற்சியில் பாடமாக இருந்துவருகிறது.

இங்கேதான் வினா எழுகிறது. தலைவர் சொன்னது சரி. கேட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கக் கூடும். அவ்வாறாயின் கீழ்ப்படியாமைதான் அவர்களுடைய பிழையா? கட்டளை சரியாக இருந்தது என்பதாலேயே அதற்குக் கீழ்ப்படியாதவர் குற்றவாளி ஆவாரா?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் எதிரே வைத்துப் பார்ப்போம். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாட்களில் ஐடஹோ, மொண்டானா பகுதிகளில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. வாலஸ் என்னும் ஊருக்கு அருகே எட் புலாஸ்கி என்ற வனக் காவலர், தம்மோடு இருந்த சுமார் 45 பேரைக் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றினுள் நடத்திச் சென்றார். புகையும் வெம்மையும் தாளாமல் அவர்கள் வெளியே ஓட முற்பட்டனர். புலாஸ்கி கைத்துப்பாக்கியை உருவி, வெளியேற முயல்பவனைச் சுடுவேன் என்றார். ஐந்தாறு பேர் நீங்கலாக அனைவரும் பிழைத்தனர். ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்கொத்தியுமாக, அவர் பெயரால் வழங்கும் கருவியை இன்றும் தீயணைப்போர் கையாள்கின்றனர்.

இரு தலைவர்கள், இருவர் சொன்னதும் சரி. ஒருவர் கையில் துப்பாக்கி இருந்தது. மற்றவர் கையில் தீக்குச்சி மட்டுமே இருந்தது. துப்பாக்கி காத்தது, சொல் காக்கவில்லை. அப்படியானால் அச்சுறுத்திப் பணியவைப்பதே மேலானது என்று முடிவு கட்டிவிடலாமா? அதிகாரத்தில் இருப்போர்க்கு இம்முடிவு இனிக்கும். குடும்பத் தலைவர்க்கும், ஆசிரியர்க்கும், பங்குத் தந்தைக்கும் இதுவே எளிய வழியாகத் தோன்றும். ஆனால் துப்பாக்கி சுரங்க வாயிலில் மட்டுமே பயன்படும். திறந்த சரிவில் ஓடும் 15 பேரை எந்தத் துப்பாக்கி நிறுத்தும்? நாம் வழிநடத்தும் மக்களுள் பெரும்பாலோர் திறந்த சரிவில் இருப்பவர்களே. நம் பிள்ளைகள் வெளியூரில் இருக்கின்றனர். நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் முடிவெடுக்கின்றனர். அச்சம் அவ்வளவு தூரம் செல்வதில்லை.

ஆகவே வேறோர் இடத்தில் விடை தேட வேண்டும். மேன் கல்ச்சில் மாண்ட இளைஞர்கள் கோழைகள் அல்லர், பிடிவாதக்காரர்களும் அல்லர். அக்காலத்தில் குதிப்போரின் பெயர்ப்பட்டியலில் யார் முறை வருகிறதோ அவர்களைச் சேர்த்தே ஒரு குழு அமைக்கப்பட்டது. அவ்விளைஞர்கள் ஒரே குழுவாகப் பயின்றவர்கள் அல்லர். டாட்ஜை அணுக்கமாக அறிந்தவர்களும் அல்லர். அவர் தீக்குச்சி கிழித்த அந்நொடியில் அவர்களிடம் கேட்கப்பட்டது சாதாரணக் கீழ்ப்படிதல் அன்று. கண் காண்பதையும் உடல் உணர்வதையும் மறுத்து, சரிவர அறியாத ஒருவர் சொல்லை நம்பும் நம்பிக்கை. அத்தகைய நம்பிக்கை கட்டளையால் பிறப்பதில்லை. பழக்கத்தால், உரையாடலால், நாள்பட்ட உடனிருப்பால் சிறுகச் சிறுகச் சேர்வது. சேமிக்காத பணத்தை நெருக்கடியில் எடுக்க முடியுமா?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில், விவேகம் என்னும் தலையாய நற்பண்பைப் பற்றிப் புனித அக்குவினாஸ் தோமையார் வகுத்துக் கூறியதைப் படித்தோம். விவேகத்தின் கூறுகளாக அவர் நினைவாற்றல், முன்னோக்கு, எச்சரிக்கை முதலியவற்றோடு 'தோசிலித்தாஸ்' என்ற ஒன்றையும் வைக்கிறார். பிறரிடம் கற்க இணங்கும் மனம் என அதனைக் கூறலாம். வாழ்வின் நிகழ்ச்சிகள் எண்ணிறந்தவை. ஒருவர் தம் அறிவால் மட்டும் அவை அனைத்தையும் ஆராய்ந்தறிய இயலாது. எனவே பிறரிடம், குறிப்பாக முதியோரிடம், கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. இளைஞராய் இருந்தபோது இப்பகுதியை நாம் சிறியோர்க்குரிய பாடமாகவே கொண்டோம். பின்னர் மீண்டும் படித்தபோதுதான், கற்றோரும் மேலோரும்கூட இப்பண்பைப் பெற்றிருத்தல் வேண்டும் என அவரே கூறுவதைக் கவனித்தோம். கற்பிப்பவனும் கற்பவனாய் இருக்கும்போதுதான் அவ்விருவரிடையே நம்பிக்கை வளர்கிறது.

இதனைக் கூறுவதற்கு நமக்குத் தகுதி உண்டோ என ஐயுறுகிறோம். ஏனெனில் இப்பாடத்தில் நாம் ஒருமுறை தோற்றிருக்கிறோம். நாம் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பங்கில் ஆண்டுத் திருவிழா அறுவடைக்குப் பின் வரும். கோயில் மைதானத்தை அடுத்த களத்தில் வைக்கோற்போர்கள் நிற்கும். தேர்பவனியின்போது இளைஞர் வாணவேடிக்கை நடத்துவர். ஆபத்து நம் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் திருவிழா ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிய மூன்று கூட்டங்களிலும் நாம் அதனை எடுத்துரைக்கவில்லை. மனக்கசப்பு வரும் என்று தள்ளிப்போட்டோம். தேர் புறப்படும் இரவில் காற்றுக் களத்தின் பக்கம் திரும்பியதைக் கண்டதும், ஒலிபெருக்கியில் வாணவேடிக்கையை நிறுத்துமாறு கட்டளையிட்டோம். இளைஞர்கள் அதனைத் தங்கள் மகிழ்ச்சியைப் பறிக்கும் அதிகாரமாகவே கொண்டனர். வேட்டுகள் கிளம்பின. இரண்டு போர்கள் எரிந்து சாம்பலாயின. உயிர்ச்சேதம் இல்லை என்பது இறைவனின் இரக்கம்.

மறுநாள் ஞாயிறு மறையுரையில் கீழ்ப்படியாமையைக் கண்டித்துப் பேசினோம். பூசை முடிந்ததும் முதியவர் ஒருவர் வந்து, "சாமி, நீங்க சொன்னது சரிதான். ஆனா ஒரு மாசத்துக்கு முந்தியே சொல்லியிருந்தா பயலுவ கேட்டிருப்பானுவ," என்றார். மாடுகளுக்கு ஓராண்டுத் தீவனத்தை இழந்தவர் அவர். வள்ளுவர் காட்டும் வைக்கோற்போர் உவமையை எத்தனையோ மறையுரைகளில் எடுத்தாண்ட நாம், அதன் பொருளை அவரிடம்தான் கற்றோம். அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே இளைஞர்களை அழைத்துக் களத்தைச் சுற்றி நடந்தோம். எந்தப் பக்கம் காற்று வீசும் என்று அவர்களையே கேட்டோம். வேட்டு விடும் இடத்தை ஆற்று மணலுக்கு மாற்றியது அவர்கள். தண்ணீர்ப் பீப்பாய்களை நிறுத்தியதும் அவர்களே. நாம் கட்டளை எதுவும் இடவில்லை.

மேன் கல்ச்சின் பின்னர் அமெரிக்கத் தீயணைப்போரும் இதே திசையில்தான் நடந்திருக்கின்றனர். 1957இல் அவர்கள் பத்துக் கட்டளைகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, அறிவுரையைத் தெளிவாகக் கொடுப்பதோடு அது புரிந்துகொள்ளப்பட்டதா என்பதையும் உறுதிசெய்யுமாறு தலைவரைப் பணிக்கிறது. சொல்லிவிட்டேன் என்பதோடு தலைவரின் கடமை முடியவில்லை. 1991இல் பால் கிளீசன் என்னும் தீயணைப்பு வீரர் நான்கே சொற்களில் ஒரு முறையை வகுத்தார்: கண்காணிப்பவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம். எனினும் ஒருமுறை எழுதிவைத்தால் போதும் என்பதில்லை. 1994இல் கொலராடோ மாநில மலைச் சரிவொன்றில் 14 தீயணைப்போர் மாண்டனர். இன்று புதிதாகச் சேர்பவர் 20 கிலோ சுமையோடு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவை 45 நிமிடங்களில் நடந்து காட்டவேண்டும். அதோடு தீயின் நடத்தையையும், மனிதர் ஒருவரோடொருவர் பேசிப் புரிந்துகொள்ளும் முறையையும் வகுப்பில் அமர்ந்து பயிலவேண்டும்.

அப்பயிற்சியில் நம்மைப் பெரிதும் கவர்ந்த பாடம் ஒன்றுண்டு. பாதுகாப்பற்றது எனத் தோன்றும் பணியை ஏற்க மறுக்கும் முறையையும் அவர்களுக்குக் கற்பிக்கின்றனர். காரணத்தைக் கூற வேண்டும்; இயன்றால் மாற்று வழியை முன்வைக்க வேண்டும். அதே பணியைத் தலைவர் வேறொரு குழுவிடம் ஒப்படைத்தால், முந்தைய குழு மறுத்ததையும் அதன் காரணத்தையும் அக்குழுவுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் ஒரு தொழில், வினவுவதைக் கீழ்ப்படிதலுக்குப் பகை என்று கருதவில்லை. அமைதியான நேரத்தில் கேள்வி கேட்டு விடை பெற்றவனே, கேட்க நேரமில்லாத நொடியில் தலைவனை நம்புவான் என்பதை அது கண்டுகொண்டுள்ளது.

எனவே நம் வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே. சாம்பலுக்குள் வர மறுத்த அவ்விளைஞர்மீது குற்றம் இல்லை. சாம்பலில் படுத்த டாட்ஜ்மீதும் இல்லை. அவர் அறிந்ததை அந்நொடியில் சொன்னார். அவர்கள் அறிந்த அளவில் ஓடினர். அறம் தவறிய இடம் ஒன்று உண்டென்றால், அது அச்சரிவில் இல்லை. கற்றிருக்கவும் கற்பித்திருக்கவும் வேண்டிய காலம் வெறுமனே கழிந்ததே, அங்கே உள்ளது. கட்டளையிடும் உரிமை உடையவர்க்கு, அதற்கு முன்னதாகவே கற்பிக்கும் கடனும் உண்டு. கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்க்கு, அதற்கு முன்னதாகவே வினவும் கடனும் உண்டு. பத்துக் கன்னியர் உவமையில் எண்ணெய் இல்லாதோர் நள்ளிரவில் இரவல் கேட்டுப் பெற முடியவில்லை. அது தோழியரின் கல்நெஞ்சம் என்று சிறுவயதில் எண்ணினோம். சில செல்வங்கள் நள்ளிரவில் கைமாற முடியாதவை என்பது இப்பொழுது விளங்குகிறது.

நம் இல்லங்களை நோக்குவோம். கடன் எவ்வளவு, பத்திரம் எங்கே என்று மனைவியிடம் ஒருநாளும் சொல்லாத கணவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்துக்கொண்டு என்னை நம்பு என்கிறார். மகளின் நட்பையும் அச்சத்தையும் பற்றி ஆண்டுக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாத தாய், திருமணப் பேச்சு எழுந்த அன்று நான் சொல்வதைக் கேள் என்கிறார். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். டாட்ஜ் சொன்னதும் சரியாகவே இருந்தது.

மேன் கல்ச்சின் சரிவில், ஒவ்வோர் இளைஞன் விழுந்த இடத்திலும் ஒரு சிலுவையாகப் பதின்மூன்று சிலுவைகள் நாட்டப்பட்டன. மாண்டவருள் ஒருவர் யூதர் என்பதால், பின்னாளில் அவருக்குரிய இடத்தில் தாவீதின் விண்மீன் பொறித்த அடையாளம் வைக்கப்பட்டது. மாசி மாதத்தில் நம் மலைகளிலும் கோடுகள் செதுக்கப்படும். அவற்றைச் செதுக்கும் காவலர்களின் கைகளில் கொப்புளங்கள் இருக்கும். அங்கே தீ வராமல் போனால் அவர்களுடைய உழைப்பை எவரும் அறியப்போவதுமில்லை. அம்மலையைப் பார்க்கும்போதெல்லாம், நாம் இன்னும் பேசாமல் தள்ளிப்போட்டிருக்கும் ஒரு பேச்சை நினைத்துக்கொள்வோம். அதனை இன்றிரவே, காற்று அமைதியாய் இருக்கும்போதே, தொடங்குவோம்.